ஹெப்சிபா லோரிங் செய்த நாற்காலி

முத்தாழித்துறைக் கடற்கரைச் சாலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெண்கலத் துரை முதன்முதலாக எழுந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில். வியாழன்தான் சந்தை நாள் என்பதால் பார்த்தவர்கள் சொற்பம், அந்தச் சொற்பத்திலும் பாதிப்பேர் வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில் கண்ணாக இருந்தார்கள், ஆனாலும் பிற்பாடு சாட்சி சொல்ல வந்தவர்களை எண்ணினால் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு தேறியது. துரை வலது கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, வயதான மனிதர்கள் எழுவதுபோல அவசரமில்லாமல் எழுந்து, கோட்டின் முன்பக்கத்தை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு நின்றார். சாலையில் போக வேண்டியவர்கள் போனதும் மறுபடியும் உட்கார்ந்தார். உட்காரும்போது, பெரிய அண்டா ஒன்றை யாரோ பதனமாகக் கவிழ்த்ததுபோல ஒரு ரீங்காரம் எழுந்து, உப்பு ஆபீஸ் சுவர்வரை போய் அடங்கியது. அதிசயம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது என்பதுதான் கதை. அதற்கு முன் துரையின் குதிகால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், குதிகால்களைப் பற்றிச் சொல்வதென்றால் அவற்றைச் செய்தவளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

ஹெப்சிபா லோரிங் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாகாணத்தில், ஊரே பூட்ஸ் தைத்துப் பிழைத்த ஒரு சிற்றூரில் பிறந்தாள். அவளுடைய அப்பா தைப்பவர் அல்ல. தைப்பவர்களுக்கு வேண்டிய மரப் பாதங்களைச் செதுக்குபவர். பூட்ஸ் தைக்க முதலில் ஒரு கால் வேண்டும், காலுக்கு உரியவன் நாள் முழுவதும் பட்டறையில் நின்றுகொண்டிருக்க முடியாது, ஆகவே அவனுடைய பாதத்தை அப்படியே மரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பார்கள். அந்த வீட்டுச் சுவர் நெடுக ஊராரின் பாதங்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. நீதிபதியின் பாதமும் அவர் ஜெயிலுக்கு அனுப்பியவனின் பாதமும் அடுத்தடுத்த ஆணிகளில் தொங்கின. ஹெப்சிபா எழுத்துப் படிப்பதற்கு முன்பே பாதம் படித்தாள். யார் நின்று பிழைக்கிறவர், யார் உட்கார்ந்து பிழைக்கிறவர், யார் ஒருவரிடம் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் நழுவப் பார்க்கிறவர் என்பதெல்லாம் உள்ளங்காலின் வளைவில் இருக்கிறது என்று அவள் சொல்வாள். முகம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது, பாதத்துக்கு அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை என்றும் சொல்வாள்.

பிறகு அவள் களிமண் பிசையக் கற்று, ரோமாபுரிக்குப் போய்ச் சலவைக்கல் கொத்தக் கற்று, அங்கே சாம்பல்நிறக் கோட்டு போட்ட பெண்கள் சிலர் சுத்தியலும் கையுமாகத் திரிந்ததைப் பார்த்துத் தைரியம் பெற்றுத் திரும்பி வந்தாள். உள்நாட்டுப் போர் முடிந்திருந்த காலம். அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் பொதுவிடத்தில் ஒரு கல் சிப்பாய் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஓர் ஊருக்குச் செய்துகொடுத்த சிப்பாய் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பூட்ஸைக் கழற்றி, வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊர்ப் பெரியவர்கள் கொதித்தார்கள். ஆனால் திரைச்சீலையை விலக்கிய அன்று, பிள்ளையைப் போரில் கொடுத்த ஒரு கிழவி நேராகப் போய் அந்தக் கல் பாதத்தில் கையை வைத்து, "வலிக்குதாப்பா?" என்று கேட்டுவிட்டதால், அதை அகற்றச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. இன்னோர் ஊருக்கு அவள் ஒரு தண்ணீர்த் தொட்டி செய்தாள்: மனிதருக்கு ஓர் உயரம், குதிரைக்கு ஓர் உயரம், நாய்க்கு ஓர் உயரம். மேலே சிலை எங்கே என்று கேட்டதற்கு, குடிக்க வருகிறவர்கள் போதாதா என்றாள். இப்படிப்பட்ட பதில்கள் புகழுக்கு உதவுவதில்லை.

அப்போதுதான் ஒரு பெரிய நகரம், அடிமை முறையை எதிர்த்துப் பேசிப் பேசியே தொண்டை வற்றிச் செத்துப்போன தன் செனட்டர் ஒருவருக்கு வெண்கலச் சிலை வைக்கப் போட்டி அறிவித்தது. பெயர் போடாமல் களிமண் மாதிரியை மட்டும் அனுப்ப வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மாதிரியைக் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. பிறகுதான் செய்தது பெண் என்று தெரிந்தது. அழைத்தார்கள். நீண்ட மேசை, சுற்றிலும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஹெப்சிபா நின்றாள்.

"தலை அற்புதம், மிஸ் லோரிங்," என்றார் குழுத் தலைவர். "கைகள் அதைவிட அற்புதம். ஆனால் பாருங்கள், கால்கள்…"

"கால்களில் என்ன குறை?"

"குறையில்லை. சங்கடமே அதுதான். ஓர் ஆணின் கால்கள் இந்த அளவுக்கு ஒரு பெண்ணுக்கு, அதுவும் கௌரவமான ஒரு பெண்ணுக்கு…"

"கால்சட்டை போட்டிருக்கிறாரே, ஐயா."

"உள்ளே கால்கள் இருப்பது தெரிகிறது, மிஸ் லோரிங்."

பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அவருடைய செனட்டருக்குக் கால்சட்டைக்குள் கால்கள் இருந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. ஹெப்சிபா அன்று பிற்பகல் முழுவதும் அந்த அறையில் நின்றாள். மேசையைச் சுற்றி அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் எழுந்து, "இதில் உட்காருங்கள்," என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவள் நேராகப் பட்டறைக்குப் போய், ஈரத்துணியை விலக்கி, செனட்டரின் இரண்டு குதிகால்களையும் நாற்காலிக்கு அடியில் நான்கு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தாள். படிக்கிறவர்கள் இதை உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துக்கொள்ளலாம்: பாதங்களை முழங்காலுக்கு நேர்கீழே, அல்லது அதற்கும் முன்னால் வைத்துக்கொண்டு யாராலும் எழ முடியாது, எழ நினைக்கிறவன் முதலில் குதிகாலை உள்ளே இழுக்கிறான். மற்றவர்கள் பார்ப்பதற்கு முன், சில சமயம் அவனே அறிவதற்கு முன், அவனுடைய குதிகால்கள் முடிவெடுத்துவிடுகின்றன.

வார்ப்புப் பட்டறைக்காரர், சிலை வேறு நாற்காலி வேறாக வார்க்கச் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எதற்கம்மா இரட்டை வேலை?"

"அவர் எழும்போது நாற்காலியும் கூடவே எழக்கூடாது."

"எப்போது எழுவார்?"

"அது என் கையில் இல்லை," என்றாள் ஹெப்சிபா. வார்த்த சிலையை எந்த நகரமும் கேட்கவில்லை. அவள் அதோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, அதன் தோளில் தன் தொப்பியை மாட்டி, அப்படியே செத்துப்போனாள்.

அவளுடைய தம்பி மகன் லோரிங் பாதிரியாராக முத்தாழித்துறை அமெரிக்க மிஷனில் இருந்தார். அத்தை தனக்கென்று விட்டுப்போன ஒரே பொருளைக் கப்பலின் அடித்தட்டில் பாரத்துக்குப் பாரமாகப் போட்டு வரவழைத்தவர், வந்து சேர்ந்த பிறகுதான் ஒன்றை யோசித்தார்: காலையும் மாலையும் விக்கிரகம் கூடாது என்று பிரசங்கிக்கும் இடத்தில் ஆள் உயரச் சிலையை எங்கே வைப்பது? ஆகவே செனட்டர் மிஷன் கொட்டகையில், தென்னங்கீற்றுக்கு அடியில், கோழிகளுக்கு நடுவே சில வருடங்கள் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் கலெக்டர் ஹார்ட்வெல் துரை பேதி கண்டு இறந்தார். துரை நிற்கும் இடத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற மரியாதையை அந்தப் பகுதி முழுவதற்கும் பிரம்பாலேயே கற்றுக்கொடுத்தவர் அவர். மனு எழுதிக்கொடுக்கிறவர்கள் மரத்தடியில் பலகையை மடியில் வைத்தபடி துள்ளி எழுவதை வைத்தே துரை தெருமுனையில் திரும்பிவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். அவருக்குச் சிலை வைக்க முனிசிபாலிட்டி தீர்மானித்தது. சீமையிலிருந்து வர வருடக்கணக்காகும். மிஷன் கொட்டகையில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் வெண்கலத்தில் சும்மா இருக்கிறார் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். கலெக்டருக்கும் தாடி உண்டு. சேர்மன் தாண்டவராய முதலியார் கோழி எச்சத்தைத் துணியால் துடைக்கச் சொல்லி, முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "அவரேதான்," என்றார். இப்படியாக, மனிதனுக்கு மனிதன் அடிமையில்லை என்று பேசிச் செத்தவர், கடலோரத்தில் கருங்கல் பீடத்தின்மேல், ஹார்ட்வெல் துரை என்று பொறித்த பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. துரை எழுந்தபோது சாலையில் முன்னால் போனது காத்தாயி. பின்னால் வந்தது சேர்மனின் குதிரை வண்டி.

முதலியார் தனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வண்டியில் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார். அன்று மாலை வீட்டில் விருந்து நடந்தது. செத்த துரையே எழுந்து நிற்கிற அளவுக்கு மரியாதைப்பட்ட மனுஷர் என்று வாழைக்காய் பஜ்ஜிக்கு நடுவே பலர் சொன்னார்கள். மறுநாள் புதன்கிழமை அவர் சரிகைத் தலைப்பாகையோடு போனார், துரை அசையவில்லை. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று வியாழனன்று வேறு நேரத்தில் போனார். வெள்ளியன்று இறங்கி நடந்து போனார். பிறகு மற்றவர்கள் முயன்றார்கள். வக்கீல் சேஷாசலம் ஐயர் கறுப்புக் கவுனோடு போனார். கோயில் குருக்கள் பூரண கும்பத்தோடு போனார். கப்பல்காரர் செய்யது மரைக்காயர், "நமக்கெதுக்கு இந்த வம்பு," என்று சொல்லிக்கொண்டே, போகிற போக்கில் போவதுபோல இரண்டு தரம் போனார். ஜில்லாவிலிருந்து வந்த சப் கலெக்டர் துரையையே, உண்மையான, மூச்சு விடுகிற வெள்ளைக்காரரையே, காற்று வாங்கும் சாக்கில் அந்தப் பக்கம் அழைத்துப் போய்ப் பார்த்தார்கள். வெண்கலத் துரை கடலைப் பார்த்தபடி இருந்தார். அவர்கள் எல்லாரும் போன பிறகு காத்தாயி கூடையோடு வந்தாள். துரை எழுந்தார்.

காத்தாயி உப்பங்கழிக்கு அக்கரையில் சேரியில் இருந்தவள். மீன் சந்தையைக் கூட்டி, குடலையும் செதிலையும் கூடையில் வாரித் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டுவது அவள் வேலை. பாலம் இருந்தது, பாலமும் கடற்கரைச் சாலையும் சேரிக்காரர்கள் நடப்பதற்கில்லை, அவர்கள் கழியில் இறங்கித்தான் ஊருக்கு வர வேண்டும். அவளும் புருஷனும் வெகுகாலம் அப்படித்தான் வந்தார்கள். ஐப்பசியில் ஒரு நாள் கடல் ஏறிக் கழி பெருகி, அவன் கூடை மட்டும் கரை சேர்ந்தது. லோரிங் பாதிரியார் ஜில்லாவரை போய் மல்லுக்கு நின்று, அவள் ஒருத்திக்கு மட்டும் பாலத்திலும் சாலையிலும் நடக்க உத்தரவு வாங்கினார். உத்தரவு கைக்கு வந்த மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

முதல் நாள் துரை எழுந்ததைப் பார்த்துக் காத்தாயி ஓடினாள். துரை என்றால் அடிக்கத்தான் எழுவார் என்பது அவள் அனுபவம். மறுநாள் பதுங்கிப் பதுங்கி வந்தாள். அவர் எழுந்தார், அடிக்கவில்லை. அதற்கு மறுநாள் அவள் ஓடவில்லை.

"ஏண்டி காத்தாயி, அந்த வெள்ளக்காரன் ஒன்னியப் பாத்து எந்திரிக்கிறானாமே? மெய்யா?" என்று கேட்டாள் பக்கத்துக் குடிசைச் சொர்ணம்.

"ஆமா, எந்திரிக்கிறாரு."

"பயமா இல்லியாடி?"

"கழியத் தாண்டுறதவிடவா?"

"எதுக்கு எந்திரிக்கிறானாம்?"

"நா கேக்கல. அவரும் சொல்லல. முட்டி வலிக்கும்போல, மெதுவாத்தான் எந்திரிக்கிறாரு."

ஊர் இதற்குப் பழகியது. எதற்கும் ஊர் பழகும். "துரை எழுந்தாச்சா?" என்றால் விடிந்து நேரமாகிவிட்டதா என்று பொருள். "துரை உக்காந்தாச்சு," என்றால் பழைய சோற்றுக்கு நேரம். துரையின் மடியில் கூடு கட்டியிருந்த காகம் நாலைந்து நாள் கத்தித் தீர்த்துவிட்டு, கூட்டைத் தோளுக்கு மாற்றிக்கொண்டது. மசக்கைக்காரிகள் அந்த ரீங்காரத்தைக் கேட்டால் சுகப்பிரசவம் என்று ஒரு பேச்சு கிளம்பி, விடியலில் உப்பு ஆபீஸ் சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிலர் நின்றார்கள். இவற்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இடைஞ்சல் வந்தது மரியாதையிலிருந்து.

துரை நிற்கும்போது யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இது பிரம்பு கற்றுக்கொடுத்த பாடம். பிரம்பு போன பிறகும் முதுகு அதை மறக்கவில்லை. முதலில் மனு எழுதிக்கொடுக்கிறவர்கள், துரை எழுந்ததும், என்ன செய்கிறோம் என்று அறியாமலே எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து உப்பு ஆபீஸ் குமாஸ்தாக்கள் ஜன்னலுக்குள் எழுந்து நின்றார்கள். சவரம் செய்துகொண்டிருந்தவர்கள் பாதி முகத்தோடு எழுந்தார்கள். சேர்மனின் வண்டி அந்த நேரத்தில் வந்தால் அவரும் கூண்டுக்குள் தலை இடிக்க எழுந்து குனிந்து நின்றார். சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முத்தாழித்துறையின் சகல மனிதர்களும் எழுந்து நிற்க, நடுவில் காத்தாயி மீன் குடல் கூடையோடு நடந்து போனாள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஒழுகும் நீர் கண்ணில் இறங்காமல் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

முனிசிபல் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது.

"துரை நிக்கறச்சே நாம உக்காந்தா அது சர்க்காருக்கு அவமரியாதை," என்றார் சேஷாசலம் ஐயர். "நாமும் எழுந்துண்டா அது அவளுக்கு மரியாதை. ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒரு நிலை மனுஷ உடம்புல இல்லையே, முதலியார்வாள்."

"ஏன், குந்தலாமே வக்கீல் சாமி," என்றார் செய்யது மரைக்காயர்.

"மரைக்காயர் கொஞ்சம் வாய மூடுங்க," என்றார் சேர்மன். "அவ அந்த ரோட்டுல வரக் கூடாது. அவ்வளவுதான்."

"ஜில்லா உத்தரவு இருக்கு. ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும். என்னன்னு எழுதறது? சிலை எழுந்து நிக்கறதுன்னா? நம்மளத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவா."

அதற்குப் பிறகுதான் ஐயர், ஜில்லா கோர்ட்டில்கூட அவர் அப்படியொரு வாதத்தை வைத்ததில்லை என்று பின்னால் சொல்லப்பட்ட அந்த யோசனையைச் சொன்னார். துரை நிற்பது பிரச்சினை அல்ல. உட்கார்ந்திருந்தவர் எழுவதுதான் பிரச்சினை. எப்போதும் நிற்கிறவருக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை; கொடிமரம் நிற்கிறது, அதற்காக எழுந்தா நிற்கிறோம்? ஆகவே துரை எழுந்திருக்கும் சமயம் பார்த்து நாற்காலியை எடுத்துவிட்டால், அவர் உட்கார வழியில்லை. உட்காராதவர் எழ வழியில்லை. யாருக்காக நிற்கிறார் என்று எவனும் கேட்க வழியில்லை.

"நாற்காலி தனியாத்தான் வார்த்திருக்கு," என்று சேர்த்துக்கொண்டார். "நான் சுத்திவந்து பார்த்தேன்."

காத்தாயியை வரச் சொல்லி, முனிசிபல் ஆபீஸ் வாசலுக்கு வெளியே நிறுத்தி, சேர்மன் உள்ளேயிருந்து பேசினார்.

"நீ வந்து சிலைக்கு முன்னால நிக்கணும். துரை எந்திரிப்பாரு. நாங்க நாற்காலிய எடுத்துருவோம். அதுக்கப்புறம் ரோடு உனக்கு உண்டு, மானம் எங்களுக்கு உண்டு."

"எடுக்க முடியலன்னா, ஆண்டே?"

"முடியலன்னா உன்னால எங்களுக்குத் தொல்ல. நீ கழியிலதான் வரணும். உத்தரவ எப்படி மாத்துறதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் அவரு எங்க உக்காருவாரு, ஆண்டே?"

"வெண்கலத்துக்கு என்ன உக்கார்றது?"

"இம்புட்டு நாளும் உக்காந்துதானே இருந்தாரு," என்றாள் காத்தாயி. ஆனால் கழியில் அவள் புருஷன் கிடந்தான். வருகிறேன் என்று தலையசைத்தாள்.

குறித்த நாளில் ஊர் மொத்தமும் சாலையில் திரண்டது. கப்பலில் மூட்டை ஏற்றும் ஆட்களை வரவழைத்திருந்தார்கள். பீடத்திலிருந்து சாலைவரை பலகைகளைச் சரிவாகப் போட்டு, நாற்காலிக் கால்களில் தேர்வடம்போன்ற கயிறுகளைக் கட்டினார்கள். காத்தாயி வந்தாள், துரை எழுந்தார், ஊரும் எழுந்தது, ஆட்கள் இழுத்தார்கள். நாற்காலி நெல்லளவு நகர்ந்தது. மறுபடி இழுப்பதற்குள் காத்தாயி வழக்கம்போல அவர்களைக் கடந்து போய்விட, துரை உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரச் சொன்னார்கள். வந்தாள். எழுந்தார். கயிறு அறுந்தது. போகாதே, அங்கேயே நில் என்றார்கள். நின்றாள். வேலை பாதியில் வந்ததால் கூடை தலையில் இருந்தது. இறக்கலாமா என்று கேட்டாள். சாலையில் நாறும், இறக்காதே என்றார்கள். புதுக் கயிறு வந்தது. விளக்கெண்ணெய் வந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. துரை நின்றார், காத்தாயி நின்றாள், துரை நிற்பதால் ஊர் நின்றது. எல்லாருக்கும் கால் கடுத்தது. பீடத்தின்மேல், துரைக்குப் பின்னால், நாற்காலி ஒன்று மட்டும் காலியாக இருந்தது.

காத்தாயி அதைப் பார்த்தாள். பிறகு துரையைப் பார்த்தாள். அவர் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, எழுந்தவர்கள் அடுத்தவருக்கு இடம் விடுவதுபோலச் சற்றே பக்கவாட்டில் விலகி நின்றிருந்தார். இத்தனை நாளும் எல்லாரும் அவர் எழுவதைத்தான் பார்த்தார்கள், விலகுவதைப் பார்க்கவில்லை. அவள் கூடையை இறக்கிப் பீடத்தின் ஓரம் வைத்தாள். நாற்காலியை இறக்கப் போட்ட பலகைச் சரிவில், விளக்கெண்ணெயில் வழுக்காமல் விரல்களை ஊன்றி ஊன்றி ஏறினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் இரண்டு கைப்பிடிகளில் வைத்தாள். கால்களை நீட்டினாள்.

பிறகு எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் எழுந்தது.

"எறங்குடி! ஏய்! எறங்கு!" என்றார் சேர்மன்.

"எடம் குடுத்தாரு, ஆண்டே. உக்காந்தேன்."

"யாராவது போய் அவளப் புடிச்சு எறக்குங்கடா!"

ஒருவரும் நகரவில்லை. அவளைத் தொட வேண்டும். குமாஸ்தாக்கள் மூட்டைக்காரர்களைப் பார்த்தார்கள், மூட்டைக்காரர்கள் காவல்காரர்களைப் பார்த்தார்கள், காவல்காரர்கள் கடலைப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவளைச் சுற்றி அவர்கள் கட்டி வைத்திருந்த வேலி இப்போது அவளுக்குக் காவலாக நின்றது. அதைத் தாண்டி ஒரு கையும் உள்ளே வரவில்லை. தொடக்கூடியவர்கள் சேரிக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். கூப்பிட்டபோது, "எங்களுக்குத்தான் இந்தப் பக்கம் வர உத்தரவில்லீங்களே," என்று சொர்ணம் கத்தினாள்.

"அப்ப அவளோட சேத்து இழுங்கடா நாற்காலிய!"

ஆட்கள் வடத்தைக் கையில் எடுத்தார்கள். "இழுங்க, இழுங்க," என்றார் செய்யது மரைக்காயர், "உங்க தேரோட்டம் பாத்து எனக்கும் நாளாச்சு." அந்தச் சொல் விழுந்ததும் எல்லாருக்கும் கண் திறந்தது: உயரத்தில் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள், கீழே வடம் பிடித்து ஆட்கள் நிற்கிறார்கள், ஊரே எழுந்து நின்று கைகட்டிப் பார்க்கிறது. குருக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போடுங்கடா கயித்த," என்று முதலியார் மெல்லச் சொன்னார். கயிறுகள் விழுந்தன. அவர் உடனே போய்விட நினைத்தார். துரை நின்றுகொண்டிருந்தார், காலைத் தூக்க முடியவில்லை.

காத்தாயி ஜெயித்தவள்போல உட்காரவில்லை. அவள் முகத்தில் இருந்தது களைப்பு. ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலில் ஏறியிருந்த மீன் முள் ஒன்றை நகத்தால் நெருடி எடுத்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். அவ்வளவு வருடம் அதன் ஓரத்திலேயே வேலை செய்தும் உட்கார்ந்து அதைப் பார்த்ததில்லை. கழி கடலில் கலக்கும் இடம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் அவள் உதடு கொஞ்சம் கோணியது. வெயில் சாயத் தொடங்கியபோது எழுந்து, இறங்கி, கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சாலை வழியாக, சாலையின் நடுவாக, போனாள்.

அவள் உப்பு ஆபீஸ் முனையில் திரும்பும்வரை ஊர் காத்திருந்தது. அந்த ரீங்காரத்துக்காகக் காதைத் தீட்டியது. வரவில்லை. துரை உட்காரவில்லை. அன்றும் உட்காரவில்லை, மறுநாளும் இல்லை, அதற்குப் பிறகு ஒருபோதும் இல்லை. செய்ய வந்த வேலை முடிந்துபோனவரைப்போல நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

ஆக, முனிசிபாலிட்டி கேட்டது கிடைத்தது. எப்போதும் நிற்கிற துரைக்காக யாரும் எழ வேண்டியதில்லை. ஐயரின் வாதம் அட்சரம் பிசகாமல் பலித்தது. சேர்மன் வாக்குத் தவறுகிறவர் அல்ல, சாலை காத்தாயிக்கு என்று ஊரறியச் சொல்லியிருந்தார், சாலை அவளுக்கு நின்றது. பிறகு, ஒருத்தி நடக்கிற சாலையில் அவளோடு சொர்ணம் நடப்பதை எப்படித் தடுப்பது என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் சொர்ணத்துக்கும் நின்றது. நாற்காலியை மட்டும் அகற்ற முடியவில்லை. காத்தாயி உட்கார்ந்ததைத் தொட்டு எடுக்க யாரும் முன்வரவில்லை, தீட்டுக் கழிப்பது எப்படி என்று குருக்களுக்கும் வெண்கலத்தைப் பற்றி ஏடுகளில் கிடைக்கவில்லை. அவள் தினமும் காலை வேலை முடிந்ததும் கூடையை இறக்கி, மேலேறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, போனாள். சாகும்வரை அப்படித்தான்.

ஹெப்சிபா லோரிங்கின் வாழ்க்கையையும் படைப்புகளையும் ஆராய்கிறவர்கள் இன்று அமெரிக்காவில் உண்டு. அந்தக் காலைப் பிடித்துக்கொண்ட சிப்பாயை அவர்கள் அறிவார்கள், மூன்று உயரத் தண்ணீர்த் தொட்டியை அறிவார்கள். 'அமர்ந்திருக்கும் செனட்டர்' காணாமல் போன சிற்பம் என்பது அவர்கள் முடிவு. அவர்களில் ஒரு பேராசிரியர் சில வருடங்களுக்கு முன் முத்தாழித்துறைக்கு வந்தார். சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கைகள் லோரிங்கின் பாணியில் இருக்கின்றன, கால்கள் அபாரமாக இருக்கின்றன. ஆனால் இது நிற்கிற உருவம், ஆகவே இது அதுவல்ல. நாற்காலி பிற்காலத்தில் உள்ளூரில் சேர்த்ததாக இருக்கலாம். சிலையெல்லாம் கறுத்துப் பச்சை பிடித்திருக்க, அதன் இருக்கையும் கைப்பிடிகளும் மட்டும் நேற்று வார்த்ததுபோலப் பளபளக்கின்றன. இது யாராவது உட்கார்வதால் வருகிற பளபளப்பா என்று அவர் யோசிக்கவில்லை.

வெயில் கடுமையாக இருந்தது. வேறு உட்கார இடமில்லாததால் அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அப்போது மீன் சந்தைப் பக்கமிருந்து ஒரு பெண் தலையில் கூடையோடு வந்தாள். கூடையிலிருந்து ஒழுகியது அவள் நெற்றியில் இறங்காமலிருக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நடந்தாள். வழக்கமாகத் தான் உட்காரும் இடத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, பிறகு போய்விடலாம் என்று அடியெடுத்து வைத்தாள்.

பேராசிரியர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். எதற்கு நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அவருடைய குதிகால்கள், நாற்காலிக்கு அடியில், நான்கு விரற்கடை உள்ளே போயிருந்தன.